பால் குடித்தான், பாலைக் குடித்தான்: நடுவில் வரும் ‘ஐ’ என்ன சொல்கிறது?

வெளிநாட்டில் வளரும் மகளுக்கு வீட்டிலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: “‘பால் குடித்தான்’, ‘பாலைக் குடித்தான்’ இரண்டும் சரி என்றேன். அப்படியானால் அந்த ‘ஐ’ எதற்கு என்கிறாள். பால் எது என்று காட்டிவிட்டேன், குடிப்பதையும் செய்து காட்டிவிட்டேன். ‘ஐ’க்கு எதைக் காட்டுவது? அதற்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறதா, இல்லை எழுத்துத் தமிழில் அழகுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறதா?”

பார்த்தால் இரண்டாம் வேற்றுமை பற்றிய பள்ளிக்கூடக் கேள்வி போல இருக்கிறது. கேட்கப்படுவது அதைவிடப் பெரியது. விரல் நீட்டிக் காட்ட முடியாத ஓர் ஒலி எப்படிப் பொருள் தருகிறது என்பதுதான் அந்தக் குழந்தையின் கேள்வி. நான் மொழியியல் படித்தவன், வேறு தாய்மொழி பேசும் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரான பதில். ‘ஐ’க்குப் பொருள் உண்டு. அழகுக்காக ஒட்டியது என்றால் பேச்சில் அது உதிர்ந்துபோயிருக்க வேண்டும். பேச்சில்தான் அது மிகக் கூர்மையாக வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் “காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்கிறோம். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்த பிறகு, அவர் பேச்சு சுவாரசியத்தில் மறந்து உட்கார்ந்திருந்தால், “காபியைக் குடிங்க, ஆறிடப்போகுது” என்கிறோம். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இப்போதுதான் வாசல் ஏறி வந்தவரிடம் “காபியைக் குடிக்கிறீங்களா?” என்றால், எந்தக் காபியை என்று அவர் சுற்றிப் பார்ப்பார். என் மாணவர்கள் அடிக்கடி செய்கிற தவறும் இதுதான். செயப்படுபொருள் என்றால் ‘ஐ’ போட வேண்டும் என்று பாடநூலில் படித்துவிட்டு, “நான் தினமும் காலையில் காபியைக் குடிப்பேன்” என்கிறார்கள். இலக்கணப் புத்தகத்தின்படி அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. தமிழ்க் காதுக்கு மட்டும் ஏதோ ஒரு குறிப்பிட்ட காபி பாக்கி இருப்பது போல நெருடுகிறது.

இன்னும் தெளிவாகக் காட்டும் ஜோடிகள் உண்டு. “துணி எடுக்கப் போனார்கள்” என்றால் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ கடைக்குப் போயிருக்கிறார்கள். “துணியை எடுக்கப் போனார்கள்” என்றால் மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார்கள், மழை வருகிறது. “குழந்தைக்குக் காது குத்தினார்கள்” என்பது மாமன் மடி, மொட்டை, விருந்து எல்லாம் சேர்ந்த ஒரு சடங்கு. “காதைக் குத்தினான்” என்றால் யாரோ யாரையோ ஏதோ செய்துவிட்டான், என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். பெயரும் ஒன்றே, வினையும் ஒன்றே. ஒரே ஓர் உயிர் எழுத்து சேர்ந்ததும் ‘எடு’ என்ற சொல்லின் பொருளே வாங்குவதிலிருந்து பொறுக்குவதற்கு மாறிவிடுகிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் உண்டு, அது புரிகிறது, உருபுதான் புரியவில்லை என்று கேள்வி கேட்டவர் நினைக்கிறார். ஆனால் ‘எடு’ என்ற சொல்லை மட்டும் தனியே வைத்துக்கொண்டு அதன் பொருள் என்ன என்று சொல்லிப் பாருங்கள். பணம் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், மதிப்பெண் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. சொல்லும் தன் பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்ந்துதான் பொருள் தருகிறது. உருபு அந்தச் சேர்க்கையின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

சரி, ‘ஐ’ சேரும்போது பொதுவாக என்ன நடக்கிறது? “நான் எதைச் சொல்கிறேன் என்பது ஒரு தனிப்பொருள், அதைப் பிடித்துக்கொள்” என்று கேட்பவருக்குச் சொல்கிறோம். ‘ஐ’ இல்லாதபோது பெயர் வினையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே செயலின் பெயராகிவிடுகிறது. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, மாடு மேய்ப்பது, வீடு கட்டுவது எல்லாம் தொழில்கள். எந்த மரம், எந்த மாடு என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. கேள்விச் சொற்களிலும் இதே பிரிவு இருப்பதைப் பாருங்கள். அலமாரியைக் குடைந்துகொண்டிருப்பவரிடம் “என்ன தேடுறே?” என்று கேட்டால், பதில் எதுவாகவும் இருக்கலாம். “எதைத் தேடுறே?” என்றால், அங்கே இருக்கக்கூடிய பொருள்களில் எது என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் இருக்கிறது.

பாடநூல்கள் சில, ‘ஐ’ வந்தால் கேட்பவருக்கும் தெரிந்த பொருள் என்று விளக்குகின்றன. அது பாதிதான் சரி. “ஒரு புத்தகம் தேடுகிறேன்” என்று நூலகரிடம் சொன்னால், பொழுதுபோக ஏதாவது ஒன்று கிடைத்தாலும் போதும் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். “ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்” என்றால், என் மனத்தில் ஒரு குறிப்பிட்ட புத்தகம் இருக்கிறது. அது எது என்று நூலகருக்கு இன்னும் தெரியாது, இருந்தும் ‘ஐ’ வந்துவிட்டது. ஆகவே கேட்பவருக்குத் தெரிந்திருப்பது கட்டாயம் இல்லை. பேசுபவர் ஒன்றைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டார் என்பதுதான் முக்கியம்.

இனி மனிதர்களைப் பற்றி. “பையன் பார்த்தேன்” என்று தமிழர் யாரும் சொல்வதில்லை. “தெருவில் ஒரு பையனைப் பார்த்தேன்” என்றுதான் சொல்கிறோம். அந்தப் பையன் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆனாலும் ‘ஐ’ வேண்டும். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில், தொகைமரபில், இரண்டாம் வேற்றுமை எங்கெங்கே எப்படி மாறும் என்று அடுக்கிக்கொண்டு வரும் நூற்பாவில் “உயர்திணை மருங்கின் ஒழியாது வருதலும்” என்று ஓர் அடி இருக்கிறது. உயர்திணைப் பெயரில் ‘ஐ’ விடுபடாமல் வரும் என்பது அதன் கருத்து. சொற்கள் ஒன்றோடொன்று சேரும் புணர்ச்சி பற்றிப் பேசும் இடத்திலேயே திணை வேறுபாட்டைத் தொல்காப்பியர் கவனித்துச் சொல்லியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த பகுதி, இந்த விதி தளரும் இடம். “பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்.” ‘பெண்’ உயர்திணைதான், ‘ஐ’ காணோம். “பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்” என்றும் சொல்லலாம், அது வேறு செய்தி. மகள் விடுதியில் இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். அதுபோலவே “மாப்பிள்ளை தேடுகிறோம்” என்று ஒரு வீட்டில் சொன்னால் வரன் பார்க்கிறார்கள். “மாப்பிள்ளையைத் தேடுகிறோம்” என்று கல்யாண மண்டபத்தில் யாராவது சொன்னால் எல்லோருக்கும் கலவரம். “கடைக்கு ஆள் வைத்திருக்கிறேன்”, “ஊருக்கு ஒரு நல்ல டாக்டர் தேடுகிறோம்” எல்லாம் இதே வகை. இங்கெல்லாம் பேச்சு ஒரு மனிதரைப் பற்றியது இல்லை, ஒரு காலி இடத்தைப் பற்றியது. மனைவி, மருமகன், வேலையாள், மருத்துவர் என்ற அந்த இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்த மறுகணம் ‘ஐ’ வந்துவிடுகிறது. மனிதரை மனிதராகப் பார்க்கிறோமா, ஒரு பொறுப்பின் பெயராகப் பார்க்கிறோமா என்ற இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை, பள்ளிக்கே போகாத பாட்டியும் ஒருமுறைகூடத் தவறாமல் சொல்லிவிடுகிறார்.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் தெரிகிறது, கேள்வியின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வடிவம் பொருள் தருவதற்கு, அதன் இடத்தில் வேறொன்று வந்திருக்க வாய்ப்பு இருக்க வேண்டும். ‘காபி’ என்றும் சொல்லியிருக்கலாம், ‘காபியை’ என்றும் சொல்லியிருக்கலாம் என்பதால்தான் ‘காபியை’ என்பது ஒரு செய்தியாகிறது. ‘அவனை’ என்பதில் அந்தத் தேர்வு இல்லை. ‘அவன் பார்த்தேன்’ என்று சொல்லவே வழியில்லை. ஆகவே ‘அவனை’யில் இருக்கும் ‘ஐ’ தனிப்பொருள் பற்றி எதையும் புதிதாகச் சொல்வதில்லை, யார் செய்தது, யார் மேல் செய்தது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. ஒரே உருபு ஓரிடத்தில் நிறையச் சொல்கிறது, இன்னோரிடத்தில் கொஞ்சம் சொல்கிறது. அளவைத் தீர்மானிப்பது அதற்கு எதிரே நிற்கும் மாற்று. வடிவங்களின் பொருளை அகராதியில் எழுதுவது கடினமாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். அகராதி ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் சொல்லும். வடிவத்தின் பொருளோ இரண்டுக்கு நடுவில் இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய தன்மை இல்லை. ஸ்பானிய மொழியில் “பூஸ்கோ உன் மேதிகோ” என்றால் யாராவது ஒரு மருத்துவர் வேண்டும். “பூஸ்கோ ஆ உன் மேதிகோ” என்றால் ஒரு குறிப்பிட்ட மருத்துவரைத் தேடுகிறேன். நம்முடைய ‘டாக்டர் தேடுகிறோம்’, ‘டாக்டரைத் தேடுகிறோம்’ அச்சாக அதே பிரிவு. துருக்கி மொழியில் “கிதாப் ஒகுதும்” என்றால் புத்தகம் படித்தேன், “கிதாபு ஒகுதும்” என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அங்கே உருபு நம் குற்றியலுகரத்தை ஒத்த ஓர் ஒலி. ஜெர்மானிய மொழியியலாளர் கியோர்க் பொஸ்ஸோங் 1980களில் இந்த நிகழ்வுக்கு ஒரு பெயர் சூட்டிய பிறகு, உலகின் பல மூலைகளிலிருந்தும் இப்படிப்பட்ட மொழிகள் கணக்கில் சேர்ந்தன. நம் பக்கத்து வீட்டு உதாரணம் இதைவிடச் சுவையானது. மலையாளத்திலும் இரண்டாம் வேற்றுமை உருபு உண்டு. ஆனால் “ஞான் ஆ புஸ்தகம் வாயிச்சு” என்று, குறிப்பிட்ட புத்தகமாகவே இருந்தாலும், உருபு இல்லாமல் சொல்வதுதான் அங்கே இயல்பு. உயிர் உள்ளதா இல்லாததா என்ற இடத்தில் மலையாளம் கோடு போடுகிறது. அஃறிணைக்குள்ளேயே தனிப்பொருளா இல்லையா என்ற இடத்தில் தமிழ் கோடு போடுகிறது. ஒரே குடும்பத்துச் சொத்து, இரண்டு வீட்டிலும் வெவ்வேறு பயன்பாடு.

மனிதர்களுக்கு மட்டும் ஏன் கட்டாயம்? இங்கிருந்து உறுதி குறைகிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: செயலைச் செய்பவர் பெரும்பாலும் மனிதர், அதுவும் அறிமுகமான மனிதர். செயலுக்கு ஆளாவதும் மனிதராகவே இருந்தால் யார் யாரை என்று குழப்பம் வரும், ஆகவே குறி தேவைப்படுகிறது. இதில் உண்மை இருக்கிறது. குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் பழைய உதாரணமே சாட்சி: ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டும் பொருந்தும். பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இலக்கணமே வழி சொல்கிறது. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் உயிரோடு இருக்கிறது, யானையின் தந்தம் வந்தது என்று தொடர்ந்தால் செத்துவிட்டது. ஆனால் குழப்பம் தவிர்ப்பது ஒன்றே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. “கல்லை எறிந்தான்” என்பதில் கல் அவனை எறிந்திருக்கும் என்று யாரும் குழம்பப்போவதில்லை, அங்கும் ‘ஐ’ வருகிறது. குழப்பம் தவிர்ப்பதும் தனிப்பொருளை எடுத்துக்காட்டுவதும் ஆகிய இரண்டு வேலைகளும் ஒரே உருபில் சேர்ந்திருக்கின்றன என்பது என் கருத்து. எது முதலில் வந்தது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை.

அடுத்து, நன்னூலைப் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடிய ஓர் இடம். நன்னூல் இரண்டாம் வேற்றுமையின் பொருளாக ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை முதலியவற்றைச் சொல்கிறது. வீட்டைக் கட்டினான், வீட்டை இடித்தான், வீட்டை அடைந்தான், வீட்டைத் துறந்தான். பட்டியல் பயனுள்ளது, நானும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு ‘ஐ’க்கு ஆறு பொருள் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது வருத்தமாக இருக்கிறது. கட்டுவதும் இடிப்பதும் வினைச்சொல்லில் இருக்கின்றன. ‘ஐ’ சொல்வது ஒன்றே ஒன்று: இந்த வினை இந்தப் பெயரின் மேல் படுகிறது. மீதியை வினை நிரப்புகிறது. நன்னூலார் இதை அறியாதவர் இல்லை. நான்காம் வேற்றுமைக்கு வரும்போது கொடை, பகை என்றெல்லாம் அடுக்கிவிட்டு, ‘இதற்கு இது எனல்’ என்று பொதுவான ஒரு பொருளில் கொண்டுபோய் முடிக்கிறார். அந்த முடிவுதான் தங்கம். “தலைவலிக்கு மாத்திரை”, “தூக்கத்துக்கு மாத்திரை” என்று மருந்துக்கடையில் கேட்கிறோம். ஒன்று தலைவலியைப் போக்க, இன்னொன்று தூக்கத்தை வரவழைக்க. நேர் எதிரான இரண்டு வேலைகள், உருபு ஒன்றே. ‘கு’ சொன்னது ‘இதற்கு இது’ என்பது மட்டும். தலைவலி யாருக்கும் வேண்டாம், தூக்கம் வேண்டும் என்ற உலக அறிவைக் கொண்டு நாமே மீதியை முடித்துக்கொள்கிறோம், கடைக்காரரும் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

ஆகவே சொல்லுக்கும் உருபுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சொல் உலகத்தில் இருக்கும் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிறது. உருபு, அப்படி வந்தவற்றை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவருக்கு ஒரு கட்டளை தருகிறது. கட்டளையை விரல் நீட்டிக் காட்ட முடியாது, அதற்குக் கீழ்ப்படியும்போதுதான் தெரியும். தொல்காப்பியர் “எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே” என்றார். அதே ஆசிரியர் இடைச்சொற்களைப் பற்றி, அவை பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், “தமக்கு இயல்பு இலவே” என்றார். பொருள் உண்டு, ஆனால் தனியே நிற்கும் இயல்பு இல்லை. உங்கள் மகளின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை. நவீன மொழியியல் இதற்கு மேல் நிறைய நுணுக்கங்களைச் சேர்த்திருக்கிறது, ஆனால் இந்த இரண்டு அடிகளும் இன்னும் அசையாமல் நிற்கின்றன.

உருபுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்கலாம். ‘ஐ’ நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழிலேயே முழு உருபாக இருக்கிறது, அதன் தோற்றத்தில் ஊகங்களே அதிகம். ஆனால் ஒரு சொல் நம் கண்முன்னே வடிவமாக மாறுவதை ‘விடு’ என்ற வினையில் பார்க்கலாம். ‘இன்னா செய்தாரை ஒறுத்தல்’ என்று தொடங்கும் குறள் ‘நன்னயம் செய்து விடல்’ என்று முடிகிறது. இன்றைய காதுக்கு அது ‘செய்துவிடு’ என்பது போலக் கேட்கும். பரிமேலழகர் அப்படி எடுக்கவில்லை. நல்லது செய்து, அவர்கள் செய்த தீமையையும் நாம் செய்த நன்மையையும் மறந்துவிட வேண்டும் என்று ‘விடல்’ என்பதற்குத் தனிப் பொருள் கொள்கிறார். அவர் கையில் ‘விடு’ இன்னும் ஒரு முழு வினை. இன்று “பாலைக் குடிச்சிட்டான்” என்னும்போது அது ஒரே ஓர் ‘ட்’ஆகத் தேய்ந்து, செயல் முடிந்தது, இனி திருப்ப முடியாது என்பதை மட்டும் சொல்கிறது. இதே குறளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘செய்தார்’ மனிதர், ஆகவே ‘ஐ’ வந்துவிட்டது. ‘இன்னா’வுக்கும் ‘நன்னய’த்துக்கும் வரவில்லை.

‘ஐ’யும் ‘விடு’வும் சேரும்போது நடப்பதைப் பாருங்கள். “குழந்தை பால் குடிச்சிட்டான்” என்று அம்மா சொன்னால், சாப்பாட்டு வேளை முடிந்தது, இனி தூங்கவைக்கலாம். “பாலைக் குடிச்சிட்டான்” என்றால், டம்ளர் காலி, அல்லது பூனை குடித்துவிட்டது போன்ற ஒரு புகார். இரண்டு உருபுகளும் தனித்தனியே தரும் பொருளைக் கூட்டினால் மட்டும் இந்த வேறுபாடு கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட பாலின் மேல் வினை படுகிறது, அந்த வினை முற்றாக முடிந்தது என்றால், அந்தப் பால் தீர்ந்தது என்பது தானே வந்துவிடுகிறது.

கூட்டிப் பொருள் கொள்வதற்கு ‘உம்’, ‘ஓ’ இரண்டும் இன்னும் நல்ல சான்று. ‘நானும்’ என்பதில் ‘உம்’ இன்னொன்றைச் சேர்க்கிறது. ‘வந்தானோ’, ‘காபியோ டீயோ’ என்பவற்றில் ‘ஓ’ தீர்மானிக்காமல் விடுகிறது. இவற்றை ஒரு கேள்விச் சொல்லோடு சேர்த்தால் ‘யாரும்’, ‘யாரோ’. ஒருவர் விடாமல் சேர்த்துக்கொண்டே போனால் எல்லோரும் வந்துவிடுகிறார்கள், ஆகவே ‘யாரும் வரலாம்’. தீர்மானிக்காமல் விட்டால் பெயர் தெரியாத ஒருவர், ஆகவே ‘யாரோ வந்தார்’. ஜப்பானிய மொழியிலும் ‘மொ’ என்றால் ‘உம்’, ‘க’ என்றால் கேள்விக்கும் ‘அல்லது’க்கும் வரும் ‘ஓ’. யார் என்பதற்கு அங்கே ‘தரெ’. ‘தரெக’ என்றால் யாரோ, ‘தரெமொ’ எதிர்மறையோடு வந்தால் யாரும் இல்லை. இதை வைத்து ஜப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று கிளம்பிவிட வேண்டாம். உறவில்லாத மொழிகள்கூட ஒரே சிந்தனை வழியில் வந்து சேர முடியும் என்பதற்கு இது சான்று, அதுவே போதுமான அதிசயம்.

இப்போது நான் தயங்கும் இடங்கள். “அந்தப் படம் பார்த்தியா?” என்று எல்லோரும் கேட்கிறோம். ‘அந்த’ என்று சுட்டியாகிவிட்டது, தனிப்பொருள்தான், ஆனாலும் ‘ஐ’ வரவில்லை. நான் மேலே சொன்ன விளக்கத்துக்கு இது சங்கடம். ஒரு படத்தைப் பார்த்து முடிப்பது என்பதையே ஓர் அனுபவமாகக் கேட்கிறோம், அதனால் பெயர் வினையோடு ஒட்டிக்கொள்கிறது என்பது என் ஊகம். “அந்தப் படத்தைப் பார்த்தியா?” என்று சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிக் கேட்கும்போது ‘ஐ’ இயல்பாக வருவது இந்த ஊகத்துக்கு ஓரளவு ஆதரவு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன். பழைய செய்யுளிலிருந்தும் இதைச் சோதிக்க முடியாது. அங்கே யாப்புக்காக ‘ஐ’ தாராளமாகத் தொகும், அதாவது மறைந்து நிற்கும்; எது பொருளுக்காக விடுபட்டது, எது ஓசைக்காக விடுபட்டது என்று பிரிப்பது பெரும்பாலும் இயலாது. இன்னொன்று, இங்கே தந்த உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டுப் பேச்சில் என் காதுக்குப் படுவதை வைத்துச் சொன்னவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்தவருக்கு இவற்றில் சில ஜோடிகள் வேறு மாதிரி கேட்கலாம். அப்படி இருந்தால் அவருடைய காதே அவருடைய தமிழுக்கு அதிகாரம்.

மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். இலக்கணப் பெயர்கள் எதுவும் இப்போது வேண்டாம். மேசையில் ஒரு டம்ளர் பாலை வைத்துவிட்டு “பாலைக் குடி” என்று சொல்லுங்கள். இன்னொரு நாள், மேசை காலியாக இருக்கும்போது “பால் குடிக்கிறாயா?” என்று கேளுங்கள். அப்புறம் ஒருநாள் கண்ணை மூடச் சொல்லி, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி, மேசையில் டம்ளர் இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பாலுக்கு டம்ளரைக் காட்டியது போல ‘ஐ’க்கு இந்த இரண்டு மேசைகளைக் காட்டலாம். அது பழகிய பிறகு ‘துணி எடுக்க’, ‘துணியை எடுக்க’ என்பதைக் கொடுத்து, எந்த வாக்கியத்துக்குப் பணம் வேண்டும் என்று கேளுங்கள். மனிதர்களுக்குக் கட்டாயம் ‘ஐ’ போடுவதை விதியாகவே சொல்லிவிடலாம். ‘பெண் பார்ப்பது’ பற்றி அவள் கொஞ்சம் வளர்ந்து, ஏதாவது ஒரு கல்யாணப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, இங்கே மட்டும் ஏன் ‘ஐ’ இல்லை என்று அவளாகவே கேட்கும்வரை காத்திருங்கள். இப்போது கேட்ட கேள்வியைப் பார்த்தால், அதையும் கட்டாயம் கேட்பாள் என்றுதான் தோன்றுகிறது.